நாலே நாலு ஸ்க்ரூ

ஓடாத பொருளைக் கண்டு கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்று இப்போதைக்கு நம்பி வைப்போம். இங்கே சொல்லப்போவது, ஒழுங்காக ஓடுகிற பொருளைக் கண்டால் மட்டும் கவலைப்படுகிற ஓர் இனத்தைப் பற்றி. மின்விசிறி சுற்றுகிறதா? சுற்றட்டும், ஆனால் எப்படிச் சுற்றுகிறது? துணி துவைக்கும் மெஷின் துவைக்கிறதா? துவைக்கட்டும், ஆனால் அந்த மூடிக்கு அடியில் கம்பெனிக்காரன் எதை ஒளித்து வைத்திருக்கிறான்? இந்த நமைச்சல் விரல் நுனியில் பிறந்து, முழங்கை வழியாக மேலேறி, தலைக்குள் காலியாகக் கிடக்கிற இடமாகப் பார்த்துக் குடிபுகுந்துவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்த மூடியும் மூடியிருக்காது. இந்த இனத்துக்குக் கழற்றியார் என்று பெயர் வைப்போம். மரியாதை கொடுத்துத்தான் வைக்கிறோம். கையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவரிடம் மரியாதையாக நடந்துகொள்வது நல்லது.

அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருவார். காபி கொடுப்பீர்கள். டம்ளரை வாயில் வைத்தபடியே காதை மட்டும் ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்புவார்.

"இது எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?"

ஒன்பது வருஷமாக அந்த ஃப்ரிட்ஜோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்தியவர் நீங்கள். அது சத்தம் போடும் என்பதே உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, இனிமேல் தூக்கம் வராது. "ஒண்ணும் பயப்படாதீங்க, நாலே நாலு ஸ்க்ரூதான்" என்று சொல்லி, மற்றவர்கள் பேனா எடுக்கிற மாதிரி சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுப்பார். அவர் பார்வையில் உலகத்தில் எல்லாமே நாலு ஸ்க்ரூதான். ஃப்ரிட்ஜும் நாலு ஸ்க்ரூ, லிஃப்டும் நாலு ஸ்க்ரூ, உங்களுக்கு இருதய ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்துக் கொடுத்திருந்தால் அதுவும் நாலே நாலு ஸ்க்ரூ. அந்த நாலைக் கழற்றிய பிறகு ஐந்தாவதாக ஒன்று எங்கேயோ மறைவாக இருந்து, பிளாஸ்டிக் 'படக்' என்று உடையும்போது, "பார்த்தீங்களா கம்பெனிக்காரன் புத்தியை?" என்பார்.

நாம் கூடவே போய்ப் பார்க்கப்போகிற கழற்றியார் ஒரு குமாஸ்தா. வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு கொடுக்கிற ஒரு கம்பெனியில், கெட்டுப்போன சாமானுக்கு ஈடு கேட்டு வருகிற மனுக்களைப் பரிசீலிக்கிற மேஜை அவருடையது. பரிசீலிப்பது என்றால் வேறொன்றுமில்லை, சாமானின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது. உடைந்திருந்தால் "உரிமையாளர் தாமாகவே திறந்து பார்த்திருப்பதால்" என்று ஆரம்பிக்கிற கடிதம் ஒன்றை அனுப்பி வைப்பது. பதினேழு வருஷமாக இதே வேலை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏங்க, தெரியாத வேலையில எதுக்குங்க கை வைக்கிறீங்க?" என்று அவர் கேட்டால் எதிரில் நிற்கிறவர் கூனிக் குறுகிப் போவார். அவ்வளவு கண்டிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் சட்டையைக் கழற்றுவார். ஆரம்பித்த கை அதோடு நிற்காது.

அந்த வீட்டில் அவர் கைபடாத பொருள் அரிது. சுவர்க் கடிகாரம் சரியான நேரம்தான் காட்டுகிறது. ஆனால் அதன் மணி சுத்தியல் அடிக்கிற மாதிரி அடிப்பதால் நேரம் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. வாசல் மணி, சமையலறை விளக்கைப் போட்டால் அடிக்கிறது. வாசலில் வந்து நின்று அழுத்துகிறவர்கள் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியதுதான். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கும் அவர் மனைவி பொறுமைசாலி. நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு இருக்கிற பொறுமை அது. ஆனாலும் ஒரே ஒரு பொருளை மட்டும் அவள் விரலைக் காட்டிச் சொல்லியிருந்தாள்.

"இதுல மட்டும் கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

அது ஒரு வீடியோ கேம் பெட்டி. யாருக்காக என்கிறீர்களா? அவளுடைய அப்பாவுக்காக.

மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒரு பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்டது. கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் பெண் பந்து கொடுத்தாள், கிழவர் அதை ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டார். மாவு மாதிரி ஒன்றைப் பிசையச் சொன்னாள், "நான் என்ன சமையல்காரனா?" என்றார். கடைசியில் அவள்தான் யோசனை சொன்னாள்: கார் ஓட்டுகிற கேம் ஒன்று, கூடவே மேஜையில் மாட்டுகிற ஸ்டீரிங். கரண்ட் வந்தால் அந்த ஸ்டீரிங் கையை எதிர்த்து இழுக்கும். அந்த இழுப்புதான் மருந்து.

அன்றையிலிருந்து காலை பத்து மணிக்கு மாமனாருக்கு டியூட்டி. குளித்து, தலைவாரி, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து உட்காருவார். அது பந்தயக் கேம். மற்ற கார்கள் எல்லாம் தீப்பிடித்த மாதிரி பறக்கும். மாமனார் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போடுகிற பட்டன் எங்கே என்று தேடி, இல்லை என்றதும் இடது கையை வெளியே நீட்டிக் காட்டி, நிதானமாக வண்டியை எடுப்பார். வளைவில் வேகம் குறைப்பார். ஓரத்தில் ஆள் நின்றால் நிறுத்துவார். ஒவ்வொரு நாளும் கடைசியாகத்தான் வருவார். ஆனால் மோதாமல் முடித்த ஓட்டங்களுக்கு அந்தக் கேமில் ஒரு கணக்கு உண்டு. திரையின் மூலையில் தெரியும். அது முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு நாள், ஒரு கீறல் கிடையாது. கையும் மெல்லத் திரும்பி வந்தது. டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தார், சட்டைப் பட்டனில் மூன்றைத் தானே போட்டார். இதற்கு மேல் ஒரு பெட்டியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

கழற்றியார் எதிர்பார்த்தார்.

இந்த இனத்தின் முக்கியமான லட்சணம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்: கழற்றியார் ஒருபோதும் தனக்காகக் கழற்றுவதில்லை. எல்லாம் அடுத்தவர் நன்மைக்கு.

"மாமாகிட்ட இருக்கிறது ஒரே ஒரு டிஸ்க். அது கீறிப் போச்சுன்னா?" என்று ஒரு நாள் ஆரம்பித்தார்.

"கீறினா இன்னொண்ணு வாங்கலாம்" என்றாள் மனைவி.

வாங்கலாம்! கழற்றியார்களின் அகராதியில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. டிஸ்க்கைப் பிரதி எடுத்து, அசலைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, பிரதியைப் போட்டு ஓட்டினால் என்ன? ஓட்டலாம்தான். ஆனால் பெட்டி ஒப்புக்கொள்ளாது. டிஸ்க்கைச் சுழற்றுகிற டிரைவுக்குள் ஒரு சிப் உண்டு. அதில் எழுதி வைத்திருக்கிற நிரல், வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி, வருகிற டிஸ்க் அசலா என்று சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். அந்த நிரலை அழித்துவிட்டு, எல்லோரையும் சிரித்த முகத்தோடு உள்ளே விடுகிற வேறொரு நிரலை அதே இடத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. அதற்கு டிரைவின் பச்சைப் பலகையில், கடுகைவிடச் சின்னதாக இருக்கும் இரண்டு புள்ளிகளில், தலைமுடி மாதிரிக் கம்பி இரண்டை ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சங்கம். இணையத்தில் கழற்றியார்கள் கூடுகிற சங்கம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தலைவர் ஸ்தானத்தில் இருந்தவர் தனக்கு 'ஈயக்கை' என்று பட்டம் வைத்துக்கொண்டவர். புதிதாக வந்தவர் என்ன கேட்டாலும், "முன்னாலேயே சொல்லியாச்சு, நாற்பத்திரண்டாம் பக்கம் பார்க்கவும்" என்பார். நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனால் அங்கே இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். ஏழாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி ஈயக்கை பதில் எழுதியிருப்பார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் எல்லாப் பக்கத்திலும் எழுதி வைத்திருந்தார். டிரைவிலுள்ள பழைய நிரலுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் அந்த டிரைவுக்கும் மட்டும் பொருந்துகிற சாவி, உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால் பழைய நிரலைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிட வேண்டும். புது நிரலை எழுதும்போதெல்லாம் அந்தப் பிரதியிலிருந்துதான் சாவியை எடுத்துப் போட வேண்டும், புது நிரலைப் பிரதி எடுத்தால் அதில் சாவி வராது. சாவி போனால் டிரைவ் வெறும் தட்டு.

கழற்றியார் மூன்று மாதம் தயாரானார். சின்ன மூக்குள்ள சால்டரிங் ராடு வந்தது, பூதக்கண்ணாடி விளக்கு வந்தது, நாற்றமடிக்கிற பசை வந்தது, சின்னஞ்சிறு இடுக்கிகள் வந்தன. எல்லாமே சீல் வைத்த டப்பாவில் வந்தன என்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஒரு டிஸ்க்கைக் கீறலிலிருந்து காப்பாற்றுவதற்காக வாங்கிய சாமான்களின் விலையில் நூறு டிஸ்க் வாங்கியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நீங்கள் அந்த இனமில்லை. பழகிப் பார்ப்பதற்காக ஒரு பழைய ரேடியோவின் மேல் ராடை வைத்தார். அது இப்போதும் பாடுகிறது, யாராவது ஒருவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மனைவி மருந்துக்கடையில். மாமனார் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில். கழற்றியார் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, பெட்டியைக் குப்புறப் போட்டார். சீலைப் பார்த்தார். பதினேழு வருஷமாக ஊரார் உடைத்த சீல்களைக் கண்டித்தவர், நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பி, 'சர்ர்' என்று உரித்து, போர்வையின் விளிம்பில் ஒட்டி வைத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஈயம் அவருக்கு நன்றாகவே வந்தது. மூச்சைப் பிடித்து, நாக்கை உதட்டோரம் நீட்டி, முதல் கம்பியை ஒட்டினார். இரண்டாவதும் ஒட்டியது. புகை எழுந்தது. கம்ப்யூட்டரில் இணைத்தார், பழைய நிரல் கடகடவென்று படிக்கப்பட்டு வந்து நின்றது. அதற்கு 'அசல்' என்று பெயர் கொடுத்துச் சேமித்தார். புதிய நிரலை எழுதினார். பெட்டியை மூடினார், டிஸ்க்கின் பிரதியைப் போட்டார். சுழன்றது! வண்டிகள் திரையில் வந்து நின்றன! நாற்காலியிலிருந்து எழுந்து, யாருமில்லாத அறையில் இரண்டு பக்கமும் திரும்பித் தலையாட்டினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் ஏன் கழற்றியார்? ஐந்து நிமிஷம் பார்த்தார். படம் ஒரு இடத்தில் லேசாகத் திக்கியது. உண்மையாகவே திக்கியதா, அவருக்குத் திக்கிய மாதிரி இருந்ததா என்பது கடவுளுக்கே வெளிச்சம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். மறுபடி திறந்தார். புதிய நிரலின் இன்னொரு வகையை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் கழற்றியார் ஜாக்கிரதைக்காரர். எதையும் அழிப்பதற்கு முன்னால் பிரதி எடுக்க வேண்டும் என்ற பாடம் அவர் மனசில் கல்வெட்டு. ஆகவே டிரைவில் அப்போது இருந்ததைப் பிரதி எடுத்தார். பெயர் கேட்டது. 'அசல்' என்று கொடுத்தார்.

கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?

மனைவி கேட்கிற கேள்வி எதற்கும் கழற்றியார் சட்டென்று 'சரி' சொன்னவரில்லை. "பார்க்கலாம்", "யோசிப்போம்", "அவசரம் என்ன?" என்று மூன்று படி தாண்டித்தான் வருவார். மெஷின் கேட்டால் மட்டும் படித்துக்கூடப் பார்க்கமாட்டார். 'ஆம்' என்று அழுத்தினார்.

சாவி போய்விட்டது. அது அவருக்கு இன்னும் தெரியாது. இரண்டாவது வகையை எழுதினார், டிரைவ் அசையவில்லை. மூன்றாவதை எழுதினார், அசையவில்லை. சரி, பழைய நிரலையே திரும்ப எழுதி ஒழுங்காக மூடிவிடுவோம் என்று 'அசல்' என்பதைத் திறந்தார். உள்ளே இருந்தது எல்லோரையும் சிரித்துக்கொண்டே உள்ளே விடுகிற காவல்காரன், அதுவும் கையில் சாவி இல்லாமல். அசல் டிஸ்க்கைப் போட்டார். வாங்கவில்லை. பிரதியைப் போட்டார். அதையும் வாங்கவில்லை. ஈயக்கைக்கு எழுதினார். பதில் உடனே வந்தது: "மூன்று பிரதி, மூன்று வெவ்வேறு பெயர் என்று சொல்லியிருந்தேனே. இரண்டாம் பக்கம் பார்க்கவும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். பத்து மணிக்கு மாமனார் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி ஸ்டார்ட் ஆகலையே?"

"அது ஒண்ணுமில்ல மாமா. கம்பெனிக்காரன் ஏதோ வேலை பார்க்கிறான். எல்லாருக்கும் நின்னு போச்சு."

"அப்ப டிப்போவுல நிக்குதா?"

"ஆமா மாமா, டிப்போவுலதான். ரெண்டு நாள்ல வந்துடும். அவகிட்ட சொல்ல வேண்டாம், வீணா கவலைப்படுவா."

"நான் எதுக்குச் சொல்றேன்? வண்டி ரிப்பேருன்னா வீட்டுல சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது" என்றார் கிழவர்.

பாருங்கள், முப்பத்தொரு வருஷம் ஒரு பொய் சொல்லாமல் வேலை பார்த்த மனிதரைத் தன் பொய்க்குக் கூட்டாளியாக்கிவிட்டார் கழற்றியார். சாயங்காலங்களில் மகள் "டியூட்டி ஆச்சாப்பா?" என்று கேட்பாள். "ம், ஆச்சு" என்று கிழவர் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

திங்கட்கிழமை கழற்றியார் ஒரு காரியம் செய்தார். அந்தப் பெட்டிக்கு அவர் கம்பெனியிலேயே காப்பீடு இருந்தது. மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மனைவி பெயரில் ஒரு மனு எழுதினார். 'பொருள் திறக்கப்பட்டதா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். போட்டோ ஒட்டினார். எல்லாக் காகிதத்தோடும் சேர்த்து வைத்தார். எழுதியது அவர், பரிசீலிக்கப் போவதும் அவர், பிறகென்ன? ஆனால் பதினேழு வருஷப் பழக்கம் கையில் இருக்கிறதே! கட்டு கட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, போட்டோவில் சீல் இருந்த இடம் வெள்ளையாக இருப்பதைக் கண் கண்டதும், கை தானாக ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி 'நிராகரிக்கப்பட்டது' என்று குத்திவிட்டது. குத்திய பிறகுதான் யாருடைய மனு என்று பார்த்தார். நியாயமாகத்தான் குத்தியிருக்கிறோம் என்று அவருக்கே ஒரு கணம் பெருமை வந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அன்றிரவு இன்னொரு யோசனை. பெட்டியை அதன் முதல் நாள் நிலைமைக்குக் கொண்டுபோனால் சாவி திரும்பி வராதா? வராது. எந்தப் பக்கத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பட்டன் ஒன்று இருந்தது. இருக்கிற பட்டனை அழுத்தாமல் விடுவதா? உள்ளே உள்ள பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று பெட்டி கேட்டது. அழுத்தினார் 'ஆம்'. முந்நூற்றுப் பன்னிரண்டு நாளும் ஒரு நொடியில் போயின. அது போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. டிரைவ் அசைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. மணி பத்து. முன்னறையில் சத்தமில்லாமல் இருக்கவே எட்டிப் பார்த்தார். மாமனார் தலைவாரி, கடிகாரம் கட்டி, இருண்டு கிடந்த டிவிக்கு முன்னால் செத்த ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா இது?"

"வண்டி எப்ப வேணா விடுவாங்க மாப்பிள்ளை. விடுற நேரத்துல டிரைவர் சீட்டுல இல்லன்னா நல்லாவா இருக்கும்? தினமும் வந்து பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் உட்கார்ந்துட்டுதான் போறேன்."

கழற்றியாருக்கு அந்த நிமிஷம் வலித்தது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. ஒரு மனிதனுக்கு வெட்கம் வந்தால் என்ன செய்வான்? போய்ப் பெண்டாட்டியிடம் உள்ளதைச் சொல்வான், அல்லது கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வருவான். இவர் உள்ளே போய்ப் பெட்டியை மறுபடியும் திறந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். கைப்பிடியின் பலத்தை அளக்க முள் வைத்த கருவி ஒன்று வைத்திருப்பாள். மாமனார் அழுத்தினார். போன தடவை பதினான்கில் நின்ற முள் ஒன்பதில் நின்றது. மறுபடி அழுத்தச் சொன்னாள். எட்டு.

"என்னங்க ஐயா, குறைஞ்சிருக்கே? தினமும் ஓட்டுறீங்கல்ல?"

கிழவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தார். மகள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அப்பா?"

"வண்டி டிப்போவுல நிக்குதும்மா. பன்னெண்டு நாளாச்சு."

அவள் போய்ப் பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். சீல் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஏங்க இதைத் திறந்தீங்க?"

கழற்றியார் விளக்க ஆரம்பித்தார். நல்ல விளக்கம் அது. சாவி என்றால் என்ன, நிரல் என்றால் என்ன, 'அசல்' என்று ஒன்றுக்குப் பதிலாக 'அசல் ஒன்று', 'அசல் இரண்டு' என்று பெயர் வைத்திருந்தால் எப்படி ஒன்றுமே ஆகியிருக்காது, பழையதை எடுத்துவிடுகிற கேள்வியை அவ்வளவு பொடி எழுத்தில் கேட்ட கம்பெனிக்காரன் எப்பேர்ப்பட்ட அயோக்கியன் என்று கால் மணி நேரம், கையை ஆட்டி ஆட்டி. பிசியோதெரபிஸ்ட் பெண் பையை மூடிக்கொண்டு வாசலுக்கு நழுவினாள். அவர் முடிக்கும் வரைக்கும் மனைவி காத்திருந்தாள்.

"அதெல்லாம் சரி. ஓடிக்கிட்டிருந்ததை ஏங்க திறந்தீங்க?"

சங்கத்தின் இருநூறு பக்கத்திலும் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. ஏனென்றால் அங்கே யாரும் அதைக் கேட்டதே இல்லை.

"எங்கப்பா கைங்க அது" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "உங்களுக்கு விளையாட மத்த சாமானெல்லாம் இல்லையா?"

மறுநாள் அவளே போய்ப் புதுப் பெட்டியும் புது டிஸ்க்கும் வாங்கி வந்து, தானே மாட்டினாள். கழற்றியாரைப் பக்கத்தில் நெருங்க விடவில்லை. அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு மாமனார் வந்து உட்கார்ந்தார். திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே பூஜ்யம் இருந்தது.

"நம்ம கணக்கு எங்க மாப்பிள்ளை?"

"அது... போயிடுச்சு மாமா."

"ஓ" என்றார். "பரவாயில்ல. புதுசா வேலைக்குச் சேர்ந்த மாதிரி."

வண்டியை எடுத்தார். முதல் வளைவில் வேகம் குறைத்தார். ஸ்டீரிங் இழுத்தது, இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த இழுப்பைத் தாங்கிய கை இப்போது தாங்கவில்லை, நழுவியது. வண்டி ஓரமாகப் போய் ஒரு கம்பத்தில் இடித்து நின்றது. திரை சிவந்தது. முப்பத்தொரு வருஷம் தெருவில், முந்நூற்றுப் பன்னிரண்டு நாள் இந்த அறையில், அவர் வாழ்க்கையில் முதல் மோதல்.

கிழவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜனங்க யாருக்கும் அடி படலையே மாப்பிள்ளை?"

"இல்ல மாமா" என்றார் கழற்றியார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இரண்டு வாரம் டெஸ்டர் இல்லாமல் ஆபீசுக்குப் போனார். மூன்றாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் மாமனார் கை வரவில்லை, முள் வரவில்லை, கம்பம் வரவில்லை. சாவி வந்தது. பொடி எழுத்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர் கவனமாகக் கேட்டு, சோற்றுக் கையோடு யோசித்து, "தேதி போட்டுப் பேர் வச்சிருக்கணும் சார், அப்பதான் மாறாது" என்றார். கழற்றியார் முகம் மலர்ந்து, "அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று அவர் தோளைத் தட்டினார்.

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பெயர் கேட்டு, அவர் இரண்டாம் தடவையும் 'அசல்' என்று கொடுத்தாரே, அந்த இடத்தைப் படித்தபோது உங்கள் மனசில் என்ன ஓடியது? "அடப்பாவி, ஓடுகிற பெட்டியை எதற்காகத் திறந்தாய்?" என்று ஓடியிருந்தால் நல்லது, நிம்மதியாகப் போய்த் தூங்குங்கள். "அடடா, வேறு பெயர் கொடுத்திருக்கலாமே!" என்று ஓடியிருந்தால், தயவுசெய்து சட்டைப் பையில் இருப்பதை எடுத்து வீட்டில் இருக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.